தினம் ஒன்றாய்த் தீர்ந்த பாரம்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தைக் கடந்த சிறிது தொலைவில் அமைந்திருக்கிறது திருவிடந்தைத் திருத்தலம். நூற்றெட்டு திவ்ய தேசங்களுள் ஒன்று. திருமங்கையாழ்வாரின் மங்களாசாசனம் பெற்றது. நித்யகல்யாணப் பெருமாள் இங்கே ஆதிவராகராக, பிராட்டியை இடப்பக்கம் ஏந்திய திருக்கோலத்தில் சேவை சாதிக்கிறார். திருமணம் கைகூட வேண்டி மாலையுடன் வரும் இளையோரும், அவர்களுக்குத் துணையாக வரும் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் இச்சந்நிதியில் திரளும் காட்சியை எந்த நாளிலும் காணலாம்.

இத்தலத்தின் வரலாறு அன்பர்கள் பலமுறை கேட்டதே. காலவ மகரிஷிக்கு 360 பெண்கள். அத்தனை பெண்களையும் தக்க இடத்தில் ஒப்படைக்க வேண்டிய பொறுப்பு ஒரு தந்தையின் தோளில் இருந்தது. தவமுனிவரே ஆயினும் அவர் மனம் கலங்கியதில் வியப்பில்லை. அவருடைய வேண்டுதலுக்கு இரங்கிய பெருமாள், பிரம்மசாரி வடிவில் எழுந்தருளி, நாள் ஒன்றுக்கு ஒரு கன்னிகையாக மணம் புரிந்தார். நிறைவு நாளில் 360 கன்னியரையும் ஒரே திருமேனியாக்கி, அகிலவல்லி நாச்சியார் என்று திருநாமம் சூட்டி, தம் இடப்பாகத்தில் ஏந்திக்கொண்டார். திருவாகிய பிராட்டியை இடப்பக்கம் கொண்ட எந்தை எழுந்தருளிய இடம் என்பதால் திருவிடந்தை என்று பெயர் வந்ததாகச் சொல்வர்.

சர்வசக்தனாகிய பெருமாளுக்கு 360 திருமணங்களையும் ஒரே முகூர்த்தத்தில் முடிப்பது அரிதன்று. ஆயினும் அவர் தினம் ஒன்றாகவே அந்தப் பாரத்தை இறக்கினார். ஒரு நாளும் இடைவெளி விடவில்லை. முனிவரின் கவலை முதல் நாளே முழுவதும் நீங்கிவிடவில்லை. முதல் நாளே குறையத் தொடங்கியது. இல்லறத்தார் சுமக்கும் மற்றொரு பெரும் பாரத்துக்கும் இந்த வரலாறு வழி காட்டுகிறது.

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்பது பழமொழி. இரண்டும் கடனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துபவை என்பதே அதன் பொருள். கல்யாணக் கடன் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். வீட்டுக் கடனோ இருபது ஆண்டு, இருபத்தைந்து ஆண்டு என்று ஒரு தலைமுறையின் உழைப்புக் காலம் முழுவதையும் தழுவி நிற்கிறது.

கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு என்று ரயில் பாதையை ஒட்டி எழுந்துள்ள குடியிருப்புகளில், வங்கிக் கடன் இல்லாத புது வீடு அரிது. கடனை வாங்கியவர் மகனாகவோ மகளாகவோ இருப்பார். ஆனால் காலையில் பால் வாங்கி, வாசல் தெளித்து, அந்த வீட்டில் நாள் முழுவதும் இருப்பவர்கள் வயது முதிர்ந்த பெற்றோர். 'இந்த வீட்டின் பத்திரம் வங்கியில் இருக்கிறது' என்ற எண்ணம் மற்றெவரையும் விட அவர்கள் நெஞ்சில்தான் அடிக்கடி எழுகிறது.

அசல் அசையாத கடன்

கடன் தீர வேண்டுவோர் நரசிம்மப் பெருமாளைச் சரணடைவது மரபு. ருண விமோசன நரசிம்ம ஸ்தோத்திரத்தைப் பாராயணம் செய்வோர் பலர். மறைமலை நகருக்கு அடுத்துள்ள சிங்கப்பெருமாள் கோயிலில் குடைவரையில் எழுந்தருளியிருக்கும் பாடலாத்ரி நரசிம்மரை வலம் வர வேண்டுமானால் குன்றையே வலம் வர வேண்டும். பெருமாளின் நெற்றிக்கண்ணை அர்ச்சகர் தீப ஒளியில் காட்டும்போது, கடன் என்ற சொல்லை மனத்தில் வைத்துக் கைகூப்பி நிற்கும் முதியோர் அங்கே உண்டு.

அப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். தந்தை ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது 68. மகனுக்கு வயது 38. பேத்திக்கு மூன்று வயது. மறைமலை நகரில் வீடு வாங்குவதற்காக மகன் பெற்ற கடன் 30 லட்சம் ரூபாய். வட்டி ஆண்டுக்கு 8.5 சதவீதம், தவணைக் காலம் 20 ஆண்டுகள். மாதத் தவணை 26,035 ரூபாய்.

முதல் மாதத் தவணை செலுத்தியதும் கடன் எவ்வளவு குறைந்திருக்கும்? 26,035 ரூபாயில் 21,250 ரூபாய் அந்த மாத வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,785 ரூபாய் மட்டுமே. முதல் ஆண்டு முழுவதும் செலுத்திய தொகை 3,12,420 ரூபாய். அசலில் குறைந்தது ஏறத்தாழ 60,000 ரூபாய். பத்து ஆண்டுகள் தவறாமல் செலுத்தி, பாதித் தொலைவு கடந்துவிட்டோம் என்று குடும்பத்தார் மகிழும் நாளில் கணக்கைப் பார்த்தால், மீதி அசல் சுமார் 21 லட்சம் ரூபாய் இருக்கும். பத்து ஆண்டுகளில் 31 லட்சம் ரூபாய்க்கு மேல் செலுத்தியும் அசலில் கரைந்தது ஒன்பது லட்சமே.

இதில் வங்கியின் தந்திரம் ஏதும் இல்லை. மீதியுள்ள அசலுக்கே வட்டி கணக்கிடப்படுகிறது. தொடக்கத்தில் அசல் பெரிது. ஆதலால் வட்டியும் பெரிது. அசல் குறையக் குறைய வட்டி குறையும். தவணையில் அசலின் பங்கு வளரும். மாறாத தவணையில் இந்த மாற்றம் மிக மெதுவாக நிகழ்கிறது.

அசலுக்கும் வட்டிக்கும் உள்ள உறவைத் தமிழகக் கோயில் கல்வெட்டுகள் வெகு அழகாகக் காட்டுகின்றன. சந்நிதியில் நந்தா விளக்கு எரிய வேண்டி மன்னரும் மற்றவரும் ஆடுகளை நிவந்தமாக அளித்தனர். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வளர்ந்து நிற்கும். மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஆதலால் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. ஆடு அசல், நெய் வட்டி. அசல் சாகாதவரை விளக்கு அணையாது.

திருப்பணிக்கு அது பெரும் தருமம். குடும்பக் கடனிலோ அதே சாவா மூவாத் தன்மைதான் துயரம். பத்மாவதித் தாயாரின் திருக்கல்யாணத்துக்காகக் குபேரனிடம் கடன் பெற்ற திருவேங்கடமுடையான், கலியுகம் முடியும் வரை வட்டி செலுத்துவதாக ஒப்புக்கொண்டார் என்பது திருமலை வரலாறு. அடியார் தம் காணிக்கையைச் சேர்ப்பிக்கப் பெருமாள் மேற்கொண்ட திருவிளையாடல் அது. யுகங்களைத் தன் கணக்கில் வைத்திருப்பவருக்கு அது பொருந்தும். 68 வயதுத் தந்தையும் 38 வயது மகனும் உள்ள வீட்டில் அசலை அசைக்காமல் விட்டுவைக்க அவகாசம் இல்லை.

முன்னோர் அறிந்த வழி

பஞ்சாங்கம் பார்க்கும் வழக்கமுள்ள அன்பர்கள் மைத்ர முகூர்த்தம் என்ற சொல்லை அறிந்திருப்பர். அசுவினி, அனுஷம் ஆகிய நட்சத்திரங்களைக் கொண்டு கணிக்கப்படும் நேரம் அது. கடன்பட்டவர் அந்த நேரத்தில் தம் கடனின் அசலில் ஒரு சிறு பகுதியையாவது திருப்பிக் கொடுத்தால் கடன் விரைவில் அடையும் என்பது பெரியோர் நம்பிக்கை.

வட்டியைக் கொடு என்று அவர்கள் சொல்லவில்லை. அசலில் கொடு என்றார்கள். முழுவதையும் கொடு என்றும் சொல்லவில்லை. சிறு பகுதியானாலும் போதும் என்றார்கள். நேரத்தின் பலனை நம்புவோர் நம்பட்டும். அந்தச் சொல்லின் உள்ளே இருக்கும் கணக்கு எல்லோருக்கும் பொது. கட்டாயமாகக் கொடுக்க வேண்டியதற்கு மேல், அசலைத் தொடும் வகையில் கொடுக்கும் சிறு தொகையே கடனின் வேரை அறுக்கிறது.

மேற்சொன்ன குடும்பம் தவணையுடன் மாதந்தோறும் 3,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்துவதாக வைத்துக்கொள்ளலாம். தந்தையின் ஓய்வூதியத்திலிருந்து 1,500. மகனின் ஊதியத்திலிருந்து 1,500. முதல் மாதத்திலிருந்தே இதைத் தொடங்கி, வட்டி விகிதமும் மாறாமல் இருந்தால், 240 மாதக் கடன் 187-ஆம் மாதத்தில் தீர்ந்துவிடும். அதாவது 15 ஆண்டு 7 மாதம். நான்கு ஆண்டு ஐந்து மாதம் முன்னதாகவே வீடு விடுதலை பெறுகிறது. இருபது ஆண்டுகளும் செலுத்தினால் வட்டி மட்டும் சுமார் 32.5 லட்சம் ரூபாய். கூடுதல் தொகை செலுத்தினால் அது சுமார் 24.2 லட்சமாகக் குறைகிறது. மிச்சம் ஏறத்தாழ 8.3 லட்சம் ரூபாய்.

இதே 3,000 ரூபாயை, 'இப்போது செலவு அதிகம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பத்து ஆண்டுகள் கழித்துத் தொடங்கினால் என்ன ஆகும்? கடன் ஒன்றரை ஆண்டு மட்டுமே முன்னதாகத் தீரும். வட்டியில் மிச்சமாவது சுமார் 1.7 லட்சம் ரூபாய். அசல் பெரிதாக இருக்கும் தொடக்கக் காலத்தில் கழிக்கும் ஒவ்வொரு ரூபாயும், பின்வரும் எல்லா ஆண்டுகளின் வட்டியையும் தன்னோடு அழைத்துச் செல்கிறது. காலவ மகரிஷியின் பாரம் முதல் நாளே குறையத் தொடங்கியது போல இதையும் முதல் மாதத்திலேயே தொடங்குவது உத்தமம். தொடங்காமல் ஆண்டுகள் சென்றிருந்தால் இந்த மாதம் தொடங்குவது அடுத்த உத்தமம்.

பணம் ஒரு புறமிருக்க, வயதின் கணக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இருபது ஆண்டு முடியும்போது பெரியவருக்கு 88 வயது, மகனுக்கு 58. கூடுதல் தொகை செலுத்திய வழியில், கடன் தீரும்போது பெரியவருக்கு 83; மகனுக்கு 53. மூன்று வயதுப் பேத்தி அப்போது பதினெட்டு நிறைந்து கல்லூரி வாசலில் நிற்பாள். அந்த நேரத்தில் மாதம் 29,000 ரூபாய் குடும்பத்தின் கைக்குத் திரும்புகிறது. பாட்டனார் மாதந்தோறும் கொடுத்த 1,500 ரூபாய், பேத்தியின் படிப்புக்கு வழிவிட்டுச் செல்கிறது.

செய்யும் முறை

நற்காரியமாயினும் முறை தவறினால் பலன் குறையும். கூடுதல் தொகை செலுத்துவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கட்டணம். மாறும் வட்டியில் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டித் தீர்ப்பதற்கு வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் 5 அன்று உத்தரவிட்டது. 2025 ஜூலையில் வெளியிட்ட விதிகளில் இதை மேலும் தெளிவாக்கி, 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்குப் பொருந்துமாறு செய்தது. தனிநபர் வீட்டுக் கடனில் முழுத் தொகையாயினும் பகுதித் தொகையாயினும், பணம் எங்கிருந்து வந்ததாயினும், முன்செலுத்தலுக்குக் கட்டணம் இல்லை. நிலையான வட்டியில் பெற்ற கடனாயின் கட்டணம் இருக்கக்கூடும். ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தொகை எங்கே போய்ச் சேருகிறது என்பது. கூடுதலாகச் செலுத்தியதை அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வைத்துக்கொண்டால் நன்மை சிறிது. அசலில் கழிக்க வேண்டும் என்று எழுத்து மூலம் தெரிவிப்பது நல்லது. தவணையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா என்று வங்கியில் கேட்டால், இயன்றவர்கள் காலத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். தவணை குறைந்தால் மிச்சமான பணம் வேறு செலவில் கரைந்துபோகும். காலம் குறைந்தால் கடன் கரையும். ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கு அறிக்கையை வாங்கி, அசல் குறைந்துள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

மூன்றாவது, சிறு தொகையை மாதந்தோறும் ஏற்காத வங்கியாயின் என்ன செய்வது? தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்து, ஆண்டுக்கு ஒரு முறை செலுத்தலாம். போனஸ் வரும் மாதமோ, வீட்டில் விளைச்சல் பணம் வரும் தை மாதமோ அதற்கு ஏற்றது. மேற்சொன்ன கடனில் ஆண்டுக்கு ஒரே ஒரு தவணையை அதிகமாகச் செலுத்தினாலே மூன்று ஆண்டுக்கு மேல் முன்னதாகக் கடன் தீரும்.

நான்காவது, வட்டி மாறும் காலம். 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தது. தவணைத் தொகை மாறாமலே இருந்ததால் பலர் நிம்மதியாக இருந்தனர். பல கடன்களில் தவணைக் காலம் ஓசையின்றி நீண்டுவிட்டது. இதனை முன்னிட்டு 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி மற்றோர் உத்தரவைப் பிறப்பித்தது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கடன் பெற்றவருக்கு உண்டு. பகுதியாகவோ முழுவதுமாகவோ முன்செலுத்தும் உரிமையும் உண்டு. வட்டி இறங்கும் காலத்தில் தவணையைக் குறைத்துக்கொள்ளாமல் பழைய தொகையையே செலுத்தி வந்தால், கையிலிருந்து புதிதாக ஒரு ரூபாயும் எடுக்காமலே அசல் விரைந்து கரையும்.

முதியோர் செய்யக் கூடாதது

பெற்றோரின் பாசம் சில வேளைகளில் கணக்கை மறக்கச் செய்துவிடும். மறைமலை நகர்ப் பெரியவரிடம் பணி ஓய்வின்போது வந்த பத்து லட்சம் ரூபாய் இருப்பதாகக் கொள்ளலாம். "எனக்கு இனி எதற்குப் பணம்? அதை அப்படியே வங்கியில் கட்டிவிடு, உன் சுமை குறையட்டும்" என்று அவர் மகனிடம் சொல்லக்கூடும். "வேண்டாம் அப்பா, அது உங்கள் பணம்" என்று மகன் தயங்குவான். அடுக்களையிலிருந்து அம்மையாரின் குரல் வரும்: "ஏங்க, நாளைக்கு உங்களுக்கோ எனக்கோ ஓர் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மறுபடியும் கடன்தானே வாங்கணும்?"

அம்மையார் சொல்வதே சரி. கடனில் செலுத்திய பணம் சாதாரணமாகத் திரும்பி வராது. நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருந்தால், 'முன்பு கட்டியதில் கொஞ்சம் கொடுங்கள்' என்று வங்கியைக் கேட்க முடியாது. அப்போது நகையை அடகு வைத்தோ, கடன் அட்டையைத் தேய்த்தோ வாங்கும் பணத்துக்கு வீட்டுக் கடனை விட அதிக வட்டி கொடுக்க நேரிடலாம். சிறிய வட்டியை அடைத்துப் பெரிய வட்டியை வீட்டுக்குள் அழைத்தது போலாகும்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போன்றவற்றில் வைத்திருக்கும் தொகை பெரியவர்களின் அன்றாட வாழ்வுக்கு ஊன்றுகோல். 2023 ஏப்ரல் முதல் அத்திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை வைக்க இடமுண்டு. அதில் கிடைக்கும் வட்டியும் வீட்டுக் கடன் வட்டியும் பெரும் வேறுபாடின்றி இருக்கும்போது, ஒன்றை உடைத்து மற்றொன்றை அடைப்பதில் லாபம் சிறிது. முதிர்வுக்கு முன் முடித்தால் பிடித்தமும் உண்டு. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, மருந்து வாங்கக் கூட மகனிடம் கைநீட்டும் நிலை வந்தால் இருவர் மனமும் வருந்தும்.

ஆதலால் வரிசை ஒன்று வேண்டும். ஆறு மாதக் குடும்பச் செலவும் மருத்துவத்துக்கான தொகையும் முதலில் தனியே இருக்கட்டும். கடன் அட்டை நிலுவை, நகைக் கடன், கைமாற்று ஆகிய அதிக வட்டிக் கடன்கள் அடுத்துத் தீரட்டும். அதன் பிறகு மாத வருமானத்தில், ஒருவர் வயிற்றையும் சுருக்காமல் எடுக்கக்கூடிய தொகை எவ்வளவோ அதுவே வீட்டுக் கடனின் அசலுக்குரியது. ஆயிரமோ ஐந்நூறோ ஆகட்டும். பெரியவர் பத்து லட்சத்தை ஒரே நாளில் கொடுப்பதை விட, மாதம் 1,500 ரூபாயைப் பல ஆண்டுகள் கொடுப்பது அவருக்கும் பாதுகாப்பு. மகனுக்கும் அது மாதந்தோறும் ஒரு நினைவூட்டல்.

வருமான வரிச் சலுகை போய்விடுமே என்று சிலர் தயங்குவதுண்டு. பழைய வரி முறையில், சொந்தக் குடியிருப்பு வீட்டுக் கடனின் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவு இல்லை. கழிவு உள்ளவருக்கும், செலுத்திய வட்டியில் ஒரு பகுதிதான் வரியாக மிச்சமாகும், மற்றது செலவே. எந்த முறையில் வரி செலுத்துகிறார் என்பதை மகனிடமோ கணக்கரிடமோ கேட்டு முடிவு செய்தல் போதும்.

மிச்சம் வைக்கலாகாது

பிறக்கும்போதே மனிதன் தேவ கடன், ரிஷி கடன், பித்ரு கடன் என்னும் மூன்றோடு பிறக்கிறான் என்பது சாஸ்திரம். வழிபாட்டாலும், ஓதுவதாலும், மக்களைப் பெற்று முன்னோர் வழியைப் பேணுவதாலும் அவை தீர்கின்றன. ஒரே நாளில் தீர்த்து முடிக்கக் கூடியது அவற்றுள் எதுவும் இல்லை. நித்திய கருமமாகத்தான் அவற்றுக்கு வழி வகுத்தனர். பணக் கடனுக்கும் அதே மனநிலை பொருந்தும்.

கடனிலும், நெருப்பிலும், பகையிலும் மிச்சம் வைக்கலாகாது என்பது பெரியோர் வாக்கு. கடைசித் தவணை செலுத்தியதோடு வீட்டுக் கடன் முடிந்துவிட்டதாக எண்ணி இருந்துவிடுவோர் உண்டு. அங்கே இன்னும் சில வேலைகள் மிச்சம் இருக்கின்றன. நிலுவை இல்லை என்ற சான்றை வங்கியிடம் எழுத்தில் பெற வேண்டும். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம் முதலிய மூல ஆவணங்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெற வேண்டும். கடன் பெற்றபோது பத்திரங்களை ஒப்படைத்தது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் அங்கே பதிந்து, அதன்பின் வில்லங்கச் சான்று எடுத்து, அடமானம் நீங்கியதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், பிற்காலத்தில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ வீட்டை விற்கவோ பாகம் பிரிக்கவோ முனையும்போது, தீர்ந்த கடன் தீராத கடன் போல் எதிரே வந்து நிற்கும்.

இதிலும் ரிசர்வ் வங்கியின் பாதுகாப்பு உண்டு. 2023 செப்டம்பர் 13 அன்று வெளியான உத்தரவின்படி, கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தங்கள் தவறால் தாமதித்தால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும். ஆவணம் தொலைந்தோ சேதமடைந்தோ போனால் நகல் பெற உதவி, அதன் செலவையும் வங்கியே ஏற்க வேண்டும். கடன் பெற்றவர் காலமாகிவிட்டால் வாரிசுகளிடம் ஆவணங்களை ஒப்படைக்கும் நடைமுறையையும் வங்கிகள் வகுத்து வெளியிட வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. கடன் பற்றிய காகிதங்கள் எந்த அலமாரியில், எந்த உறையில் இருக்கின்றன என்பதை வீட்டிலுள்ள மற்றொருவருக்கும் சொல்லி வைப்பது பெரியவர்கள் இன்றே செய்யக்கூடிய பேருதவி.

பத்திரம் வீடு திரும்பும் நாளில் அதைப் பூஜை அறையில் பெருமாள் படத்தின் முன் வைத்து, மஞ்சள் குங்குமமிட்டு வணங்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அந்த நாளை மூத்தவர்கள் தம் கண்ணால் காண வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஸ்தோத்திரம் மனத்துக்குத் துணிவு தரும். சந்நிதி நம்பிக்கை தரும். மாதந்தோறும் அசலைத் தொடும் அந்தச் சிறு தொகையைக் குடும்பத்தார்தாம் தர வேண்டும்.

திருவிடந்தையில் சேவிக்கச் செல்லும் அன்பர்கள், அடுத்த முறை பிராட்டியை இடப்பக்கம் ஏந்திய வராகப் பெருமாளின் முன் நிற்கையில் காலவ மகரிஷியையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். இருநூறாவது நாளில் அந்த முனிவரின் மனம் எப்படி இருந்திருக்கும்? இன்னும் 160 பெண்கள் ஆசிரமத்தில் காத்திருந்தனர். ஆயினும் மறுநாள் காலையில் மணமகன் வாசலில் வந்து நிற்பார் என்ற நிச்சயம் அவருக்கு இருந்தது. அந்த நிச்சயம் வந்தபின் எண்ணிக்கை அவரை அச்சுறுத்தவில்லை. கடன் சுமந்த வீட்டுக்கும் மாதந்தோறும் வேண்டியது அந்த நிச்சயமே.